மஞ்சளாக வேண்டிய கறை

காணிக்கைத் தட்டில் கவேராவின் கைக்குட்டையை வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை. இன்னும் ஈரம் காயவில்லை.

காலை ஆராதனையில், பாட்டின் நடுவே கவேரா அதில் வாயைத் துடைத்துக்கொண்டதை மூப்பர் லோஹியா பார்த்துவிட்டார். ஆமென் சொல்வதற்குள் அவன் பையிலிருந்து உருவியும் விட்டார்.

எங்கள் சபையில் பாக்கு போடக் கூடாது. பப்புவா நியூ கினியில் இப்படி ஒரு சட்டம் வைப்பது, மீனைக் கூப்பிட்டுத் தண்ணீர் குடிக்காதே என்று சொல்வது மாதிரி. சந்தைத் தரை, பள்ளிச் சுவர், பேருந்துச் சக்கரம், எல்லாம் சிவப்புத்தான். எங்கள் கரையில் சிவப்பைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. கோபப்படுவதோடு சரி.

பாக்கு போட்டது உறுதியானால் கவேராவின் பெயரைச் சபைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். மனம் திரும்பினால் ஒரு வருடம் கழித்துச் சேர்த்துக்கொள்வார்கள். அதுவரை பாடகர் குழுவிலும் இடமில்லை. பாட்டை எடுத்துவிட்டால் அவனிடம் மிச்சமிருப்பது ஒரு படகும், என் தங்கை கேயுவாவும்தான்.

மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் சபை முழுவதும் உட்கார்ந்திருந்தது. வெறும் வாயை மெல்லுகிற கூட்டத்துக்கு அவல் கிடைத்திருந்தது.

"நான் போடல" என்றான் கவேரா.

"அப்ப இது என்ன, செம்பருத்திச் சாறா?" என்றார் லோஹியா. "எங்க, பல்லக் காட்டு."

காட்டினான். வெள்ளையாக இருந்தது.

"சாம்பல் போட்டுத் தேச்சிருக்கான்" என்று பாடகர் குழுவிலிருந்தே ஒரு குரல் வந்தது.

கேயுவா என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீ வாத்தியார்தானே. ஏதாவது பண்ணேன்."

நான் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன். பன்னிரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் வேதியியலைத் தேடி வந்ததில்லை. எழுந்துவிட்டேன்.

பாக்கு தானாக இப்படிச் சிவப்பதில்லை என்று சபைக்கு விளக்கினேன். சுண்ணாம்பு காரம். அது பட்டால்தான் பாக்குச் சாறு சிவக்கும். அதன் மேல் அமிலத்தை விட்டால் காரம் அடங்கி, சிவப்பு போய் மஞ்சளாகிவிடும். அதற்கு ஓர் எலுமிச்சம்பழம் போதும். மஞ்சளானால் பாக்கு, ஆகாவிட்டால் என் மச்சான் நிரபராதி.

முதலில் அசல் பாக்கு எச்சிலில் செய்து காட்ட வேண்டும் அல்லவா? யாராவது கொண்டுவாருங்கள் என்றேன். இங்கே யாரிடமும் கிடையாது என்றார் லோஹியா. நாலு பேர் எழுந்து வெளியே போனார்கள். ஐந்து நிமிடத்தில் நாலு துணிகள் ஈரமாக வந்து சேர்ந்தன. எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.

யாரோ சாப்பாட்டுக் கூடையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்றை முதல் துணியில் பிழிந்தேன். கண்ணெதிரிலேயே சிவப்பு வெளிறி மஞ்சளானது. சபை 'ஓ' என்றது. என் வகுப்பில் ஒருநாளும் கேட்காத சத்தம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, அதை மறைப்பானேன்.

காணிக்கைத் தட்டின் பக்கம் திரும்பினேன். கவேரா எழுந்து நின்றான்.

"போட்டேன் மச்சான். பழத்த வீணாக்காத. பேர அடிச்சிரச் சொல்லு."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். கேயுவா தலையைக் குனிந்துகொண்டாள். லோஹியா பதிவேட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். கையில் இன்னொரு பழம் இருந்தது, எனக்கு வாத்தியார் புத்தி. அறுத்துப் பாதியைப் பிழிந்தேன்.

மஞ்சளாகவில்லை.

மறுபாதியையும் பிழிந்தேன். ஓரம் கொஞ்சம் பழுப்பானது, அவ்வளவுதான்.

லோஹியா தட்டின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"பாக்கு இல்ல" என்று அறிவித்தார்.

சபை கைதட்டியது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து வந்து கவேராவின் முதுகில் தட்டினார்கள். சாம்பல் போட்டுத் தேய்த்ததாகச் சொன்னவர் அவனைக் கட்டிக்கொண்டார். செய்யாததைச் செய்தேன் என்றது பொய், அதற்கு அடுத்த சனிக்கிழமை தனியாகக் கூடலாம் என்றார் லோஹியா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மனுஷன் வாயிலிருந்து இந்த நிறத்தில் வரக்கூடியவை இரண்டுதான். அதில் ஒன்று இல்லை என்று இத்தனை பேர் முன்னால் நானே நிரூபித்திருந்தேன்.

கவேரா ஒவ்வொருவராகக் கை குலுக்கினான். என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

கேயுவா கைதட்டவில்லை. தட்டிலிருந்த கைக்குட்டையை எடுத்து, கறை உள்ளே போகும்படி மடித்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் போனாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.