நாலிலிருந்து ஐந்து வரை

"கதை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டார்.

சும்மா கேட்கவில்லை. இப்படிக் கேட்பதற்காகவே மூன்று நாளாக மனைவி வாசிக்கிற அதே நாவலைத் திருட்டுத்தனமாகப் படித்திருந்தார். அவள் அடுப்படியில் நிற்கும் காலை நேரத்தில். ஐம்பது பக்கம் ஆகிவிட்டது. சபைக் கமிட்டியின் தீர்மான நோட்டைத் தவிர எதையும் ஒழுங்காக வாசித்தறியாத மனுஷனுக்கு அது பெரிய காரியம்.

அவளோடு உட்கார்ந்து கதை பேச வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சுகிர்தம் பக்கத்தைத் திருப்பினாள்.

"அந்தப் பிள்ளை கோழியத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறிட்டா."

எந்தப் பிள்ளை?

ஐம்பது பக்கத்தில் பிள்ளையும் இல்லை, கோழியும் இல்லை. உப்பளத்துக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்கிறார்கள். அவள் அடையாளம் வைத்திருந்த குருத்தோலைத் துண்டோ முப்பதாம் பக்கத்தில்தான் இருந்தது. காலையில் அவரே பார்த்தார்.

"டிக்கெட் எடுத்தாளா?" என்றார். வேறென்ன கேட்பது?

"எங்க எடுக்க? கோழிக்கும் சேத்துல்லா கேப்பான்!"

சிரித்தாள். அவரும் சிரித்துப் பார்த்தார். வரவில்லை.

முப்பத்திநாலு வருஷம். மளிகைப் பொட்டலத்தைப் பிரித்தால் தாளை நீவி வாசித்துவிட்டுத்தான் பருப்பைக் கொட்டுவாள். ஒரு புத்தகத்தை முழுசாக வாசிக்க அவளுக்கு நேரம் இருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், பாடகர் குழுவுக்குக் காப்பி, கன்வென்ஷனுக்கு வருகிற பிரசங்கியாருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. கிறிஸ்மஸ் முடியட்டும் என்பாள். ஈஸ்டர் முடியட்டும் என்பாள். யார் முடிய விட்டார்கள்? முதல் ஆளாக அவர்தான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

போன மாதம் கமிட்டியிலிருந்து விலகினார். அன்றைக்கே கட்டளை போட்டார். நாலிலிருந்து ஐந்து வரை இந்த வீட்டில் சுகிர்தம் கிடையாது. யார் வந்தாலும் நான் காப்பி போடுவேன். ஜன்னலோரம் பிரம்பு நாற்காலி வாங்கிப் போட்டார். நாவலும் அவர் வாங்கி வந்ததுதான்.

"ஏ, நீ எந்திரிக்கக் கூடாது, பாத்துக்க" என்று சின்னப் பையன் மாதிரிக் குதித்தார்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் எப்படிச் சொல்வாள்?

முகத்தைப் பார்த்தாளா? அதுவே தெரியவில்லை.

போன வருஷம் சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போய்வந்தாள். அவருக்கு அன்றைக்குச் சபையில் அசன விருந்து வேலை. என்ன சொன்னாங்க என்று கேட்டார். சொட்டு மருந்து தந்திருக்காங்க என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை, பாவி. இப்போதெல்லாம் அரிசியை விரலால் தடவித் தடவிப் பார்க்கிறாள். கல் பொறுக்குகிறாள் என்றல்லவா நினைத்தார்!

இல்லை. அப்படி இருக்காது. தினமும் சாயங்கால ஜெபத்தில் வேதம் வாசிக்கிறாளே. நேற்றுக்கூட வாசித்தாளே.

அதைப் பிடித்துக்கொண்டு ஏழு மணி வரை இருந்தார்.

ஜெபத்துக்கு இரண்டு பேர்தான். மகன் குடும்பம் அபுதாபியில். அவள் ஒரு வசனம், அவர் ஒரு வசனம், எதிரெதிரே உட்கார்ந்து, அவரவர் வேதப்புத்தகத்தில். கல்யாணமான மறுநாளிலிருந்து அப்படித்தான். கொஞ்ச நாளாக வேதத்திலுள்ள சங்கீதப் பாடல்கள் மட்டும்தான். எது என்று அவள் சொல்வாள்.

இன்றைக்கு அவர் தன்னுடைய புத்தகத்தை எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஒரே புத்தகத்தில வாசிப்போமா, சுகிர்தா?"

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சரி என்றாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவி நடுவில் பிரித்தாள். சங்கீதத்தின் எண்ணைச் சொன்னாள்.

முதல் வசனத்தை வாசித்தாள். ஓர் எழுத்து பிசகவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள்.

அவர் பக்கத்தைப் பார்த்தார்.

சங்கீதம் அல்ல, வம்ச அட்டவணை. மேலிருந்து கீழ்வரை வெறும் பெயர்கள்.

ஆண்டவரே.

இத்தனை நாளும் மனப்பாடமா? ஏன் இருக்காது? இந்த ஒரு புத்தகத்துக்குத்தானே இந்த வீட்டில் அவளுக்கு நேரம் கொடுத்தோம்.

அவள் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். விரல் ஒரு வரியின் மேல் இருந்தது.

"உங்க வசனம்."

சொல்லிவிட்டால் போதும். அடுத்த வசனத்தை அவரும் பார்க்காமல் சொல்லிவிட்டால், தான் கண்டுகொண்டது அவளுக்குத் தெரியாமலே போய்விடும். எத்தனை வருஷமாக வாசித்த சங்கீதம்! முதல் வார்த்தை என்ன? பிடிபடவில்லை. கண்ணீர் வந்து, அந்தப் பெயர்களும் அவருக்கு மங்கிப்போயின.

அவள் காத்திருந்தாள்.

வரியின் மேல் இருந்த விரல் பக்கத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தது.

"என்னங்க" என்றாள். "பக்கம் மாறிப்போச்சா?"