அனுபவம் என்ற இடத்தில்

கையெழுத்துப் போடப் போன பேனா அந்தரத்தில் நின்றது.

அனுபவம்: மூன்று ஆண்டுகள். பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர்.

அவளுக்கு வயது இருபது. பி.காம். முடித்து மூன்று வாரம்.

விஷயம் உடனே பிடிபட்டது. பிரௌசிங் சென்டர்காரர் யாருக்கும் புதிதாக அடிப்பதில்லை. முந்தைய ஆளின் பயோடேட்டாவைத் திறப்பார். பெயரை அழிப்பார், படிப்பை மாற்றுவார், பிரிண்ட் கொடுத்துவிடுவார். காலையில் அவளுக்கு முன்னால் வந்துபோன மீசைக்காரரின் மூன்று வருட உழைப்பு, அழிபடாமல் தப்பித்து, அவள் பெயரில் வந்து உட்கார்ந்திருந்தது.

கரூர். பெட்ஷீட் ஏற்றுமதி கம்பெனியின் வராந்தா. டெஸ்பாட்ச் பிரிவுக்கு ஒரே ஒரு ஆள் தேவை. உள்ளே ஒருத்தி. அடுத்து இவள்தான்.

சென்டர்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, வேற யாரோட அனுபவமோ என் பயோடேட்டாவுல இருக்குதுங்க."

"அட, இருந்துட்டுப் போகட்டும் கண்ணு. அதுக்குன்னு தனியா காசா கேட்டேன்?"

வைத்துவிட்டார்.

பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "குடுத்து வெச்சவ நீ. எனக்கு ஒண்ணுமே இல்லீன்னு அடிச்சுட்டான்."

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.

வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அத்தையின் தையல் கடையில் காஜா எடுக்க வேண்டும். அத்தை நாள் குறித்தாகிவிட்டது.

தாளின் அடியில் எல்லா பயோடேட்டாவிலும் வருகிற அந்த வரி.

மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்.

அதற்குக் கீழே காலி இடம். ஒரே ஒரு கையெழுத்து. போட்டால் மூன்று வருடமும் அவளுடையது.

கதவு திறந்தது. உள்ளே போனவள் வெளியே வந்தாள்.

"கோகிலவாணி."

எழுந்தாள்.

நின்றபடியே, ஃபைலை முழங்கையில் முட்டுக்கொடுத்து, மூன்று வருடத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்கு மேலே நெருக்கி நெருக்கி ஏதோ எழுதினாள்.

கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே போனாள்.

மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"தண்ணீர் லாரிக்கு டோக்கன் போட்டது. அறுபத்து நான்கு வீடுகள். நான்கு ஆண்டுகள்."

கோடு போட்டு அடித்திருந்ததையும் படித்தார். ஒற்றைக் கோட்டுக்கு அடியில் எது மறையும்?

"இது?"

"அது என்னுது இல்லீங்க சார். சென்டர்ல மாறி வந்துருச்சு."

"டோக்கன்?"

"அது என்னுதுங்க."

ஜன்னலுக்குக் கீழே லோடிங் ஷெட்டில் ஹாரன் அலறியது. எந்த லாரிக்கு முதல் லோடு என்று நான்கு டிரைவர்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மேனேஜர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"தண்ணி பிடிக்கிற எடத்துல சண்டை வருமே?"

"வராம இருக்குங்களா? யாரு ரொம்பச் சத்தம் போடறாங்களோ, அன்னைக்கு டோக்கன் நோட்டை அவங்க கையில குடுத்துருவேனுங்க. நீங்களே வரிசையைக் கூப்பிடுங்கன்னு சொல்லீருவேன்."

"அப்புறம்?"

"மூணாவது குடத்துக்குள்ள நோட்டு எங்கிட்டயே திரும்பி வந்துரும்."

மேனேஜர் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்த எழுந்து போனார்.

சாத்தவில்லை. கொக்கியில் கை வைத்தபடி கீழேயே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு டிரைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, மேசையில் கிடந்த லோடிங் நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"கீழ போயி, யாரு சத்தம் பெருசுன்னு பாரும்மா."