307-ஆம் அறைப் படுக்கை

வேலைநிறுத்தம் செய்து வாசலில் உட்கார்ந்திருந்த ஓட்டல் ஊழியர்களைத் தாண்டி, மனைவியோடு ஓட்டலுக்குள் நுழைந்ததிலிருந்தே அவருக்கு மனசு உறுத்தியது. வேறு விடுதி தேடலாமென்றால், அந்தச் சுற்றுலாத் தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. சீசன் முடிந்து மற்ற எல்லா விடுதியும் பூட்டு.

பரிகாரமாக, மூன்று நாளும் படுக்கையை அவரே விரித்தார்.

"சுத்திப் பார்க்க வந்த இடத்துலயும் உங்க கை சும்மா இருக்காதா?" என்றாள் மனைவி.

கிளம்புகிற காலையில் வாசலில் ஒரே சத்தம். அறை சுத்தம் செய்யும் பெண் ஒருத்தியைச் சங்கத்துக்காரர்கள் சூழ்ந்திருந்தார்கள். தலைவர் செல்போனை நீட்டினார்.

"மேனேஜர் அனுப்பின போட்டோ. உங்க ஆளே வேலைக்கு வந்தாச்சுங்கிறான். 307-ஆம் ரூம் படுக்கை. இவ்வளவு கச்சிதமா மூலை மடிக்க உன்னை விட்டா இங்க யாரு இருக்கா?"

"என் புள்ளை மேல சத்தியமா நான் உள்ள போகலண்ணே."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"அந்தம்மாவை விடுங்க. 307-ல தங்கினது நான். மடிச்சதும் நான்தான்."

"மேனேஜர் சொல்லிக் கொடுத்தாரா சார்?" கூட்டம் சிரித்தது.

அவர் போராட்டப் பேனரை எடுத்து, வாசல் பெஞ்சில் விரித்து, கண்மூடித் திறப்பதற்குள் மூலையை மடித்துச் செருகினார். சிரிப்பு நின்றது.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எத்தனை வருஷ சர்வீஸ் சார்?"

"முப்பத்தொண்ணு. எங்க ஊர் ஓட்டல்ல ரூம் வேலை. போன மாசம்தான் ரிட்டயர் ஆனேன்."

அவள் அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம்ம ஆளா நீங்க? விவரம் தெரியாதவர்னு நெனச்சுத்தானே அன்னிக்கு வழி விட்டோம்."