நோய் வந்த வழி

தெற்கு இத்தாலியின் ஒலிவத் தோப்புகளைப் பூச்சி பரப்பும் நோய் ஒன்று அழித்துக்கொண்டிருந்தது. ஒரோன்சோ மருந்தே அடிக்காமல், களையை உழுது பூச்சியை ஒழித்துத் தன் தோப்பைக் காத்துவந்தார். அப்படியும் மரங்கள் கருகத் தொடங்கின.

"எல்லாம் பக்கத்துத் தோப்பு கோசிமோவாலதான்! சோம்பேறிப்பய, ஒரு புல்லைக்கூடப் பிடுங்கமாட்டான்!" என்று சோதிக்க வந்த அதிகாரியிடம் பொருமினார்.

"அவர் மரமெல்லாம் சுத்தமா இருக்கு. உங்க வாசல்ல பூத்திருக்கே அரளி, அது வழியாத்தான் நோய் வந்திருக்கு. இனி இந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கற மரத்தையெல்லாம் வெட்டியாகணும். அந்தச் செடிய யாரு கொண்டாந்தது?"

காபி கொண்டுவந்த மகள் தோனாத்தா உறைந்து நின்றாள். அப்பாவின் பிறந்தநாளுக்கு அவள் ஆசையாகக் கொடுத்த செடி அது.

ஒரோன்சோ அவள் பக்கம் திரும்பாமலே அதிகாரியிடம் சொன்னார்:

"நான்தாங்க. சந்தையில பாத்தேன், பூ அழகா இருந்துச்சு."