வாளிச் சத்தம்

"மேடம், இனிமே இவகூட ஒரே ரூம்ல என்னால இருக்க முடியாது. ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

விடுதி வார்டன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதிரில் இரண்டு மாணவிகள்.

பேசியவளை விடுதியே 'டைம்டேபிள்' என்றுதான் கூப்பிடும். அவள் கட்டிலுக்கு மேலே சுவரில் பெரிய அட்டவணை ஒன்று உண்டு. எழுவது, படிப்பது, நடப்பது, ஃபோனைத் தொடுவது, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம், தனித்தனிக் கலர். பக்கத்தில் தலைகுனிந்து நின்றவளுக்குப் பட்டப்பெயர் 'வாளி'.

"அப்படி என்னதான் பண்ணினா?"

"விடிஞ்சும் விடியாம இரும்பு வாளியைத் தரையில போட்டு உருட்டுறா மேடம். தினமும்! மாடியில யாரை வேணா கேட்டுப் பாருங்க. சேர்ந்த புதுசுல கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதை மனசுல வச்சுக்கிட்டுப் பழிவாங்குறா."

வார்டன் வாளியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நிஜமா?"

"கை நழுவிடுது மேடம்."

"தினமுமா?"

வாளி நிமிர்ந்து டைம்டேபிளைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தவள், மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாருங்க, பதிலே இல்ல. சுயக்கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருந்தாத்தானே மேடம்!"

வார்டனால் மறுத்துப் பேச முடியவில்லை. மாணவர் நலக் கூட்டத்தில் 'என் மனசுதான் என் அலாரம்' என்று பேசிக் கைத்தட்டலை அள்ளியவள் ஆயிற்றே இவள். முன்வரிசையில் உட்கார்ந்து வார்டனும் தட்டினார். பின்வரிசையில் வாளியும்தான் தட்டினாள், அதை யாரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே வாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசி அறைக்குப் போனாள். தண்ணீர் மோட்டாரை ஒட்டிய அறை. அதை யாரும் விரும்பிக் கேட்டதில்லை. போகும்போது வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"அலாரத்தைத் தலகாணிகிட்ட வைக்காதே. எட்டி மேஜைமேல வை."

"உன் அட்வைஸ் ஒண்ணும் எனக்கு வேணாம். உன் வாளியைப் பத்திரமா எடுத்துட்டுப் போ."

அதன்பிறகு அறை நிசப்தமாக இருந்தது. டைம்டேபிள் நிம்மதியாகத் தூங்கினாள். கொஞ்சம் அதிகமாகவே தூங்கினாள். காலை வகுப்பு தவறியபோது, "உடம்பு அசதி" என்றாள். மறுபடியும் தவறியபோது, "அந்த வகுப்பு ஒண்ணும் அவ்வளவு முக்கியமில்ல" என்றாள். அடுத்தவளுக்கு இல்லாத சமாதானமெல்லாம் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும்போது மடமடவென்று வந்துவிடுகிறது.

பரீட்சை நாள் வந்தது.

கண் விழித்தபோது வெயில் கால்மாட்டுக்கு வந்திருந்தது. பதறிப்போய்த் தலையணைப் பக்கம் கிடந்த ஃபோனை எடுத்தாள். அலாரம் அடித்து, அணைக்கப்பட்டிருந்தது. அணைத்தது யார்? அறையில் அவளைத் தவிர ஈ காக்கா இல்லை.

தலைகூட வாராமல் ஓடினாள். பரீட்சை ஹால் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் கண்காணிப்பாளர் பாதிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"சார், ப்ளீஸ் சார்!"

"பாதி நேரம் போயாச்சும்மா. உள்ள விட எனக்கு அதிகாரம் இல்ல."

"இந்தப் பேப்பர் போனா என் மேல்படிப்பே ஒரு வருஷம் தள்ளிப்போயிடும் சார்."

"புரியுதும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.

அழுதுகொண்டே விடுதிக்குத் திரும்பினாள். தன்மேல் வந்த ஆத்திரத்தை யார் தலையிலாவது இறக்கிவைத்தாக வேண்டும். மாசக்கணக்கில் அவள் என் தூக்கத்தைக் கெடுத்ததால்தானே உடம்பு இப்போது அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறது? எல்லாம் அந்த வாளியால் வந்த வினை!

கடைசி அறைக் கதவைத் தட்டினாள். திறந்தது அங்கே தங்கியிருக்கும் ஆராய்ச்சி மாணவி. உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா. அவ தூங்குறா."

"இந்நேரத்துலயா? கிளாஸ் இல்லையாக்கா அவளுக்கு?"

"அவளுக்கு எல்லாமே மதியத்துக்கு மேலதானே. லேப் முடிஞ்சு வந்து படுக்கவே ரொம்ப நேரம் ஆயிடுது. காலையிலதான் நல்லாத் தூங்குவா. நீ அவகூடத்தானே இருந்த, தெரியாதா?"

தெரியாது. ஒரே அறையில் இருந்தும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. தினமும் வாளியைத் திட்டிக்கொண்டே எழுந்து, குளித்து, வகுப்புக்கு ஓடிவிடுவாள். அப்புறம் அந்த அறையில் என்ன நடந்தது என்று அவளுக்கென்ன கவலை?

"அப்போ... இங்க விடியக்காலையில வாளியை உருட்டலையா?"

"இவளா? நல்லா சொன்ன போ! இங்க வந்ததுலேருந்து நான்தான் இவளைச் சாப்பிட எழுப்பறேன்."

சேர்ந்த புதிதில் சொன்ன அந்த வார்த்தை இப்போது ஞாபகம் வந்தது. அலாரம் ஓய்ந்தும் தூங்கிக்கொண்டிருந்தவளை வாளி தோளைத் தொட்டு எழுப்பினாள். இவள் சீறினாள்: "என்னை எழுப்புற வேலையெல்லாம் வச்சுக்காதே. இன்னொருத்தர் எழுப்பி எழுந்திருக்கிற ஆள் நான் இல்ல!"

மறுநாள் காலையில்தான் முதன்முதலாக வாளி உருண்டது.

சண்டை போட வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வார்டன் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே இவள்? என் மானம் போகட்டும் என்று விட்டிருக்கலாமே?

பேச்சுக் குரல் கேட்டு வாளி புரண்டு படுத்தாள். பாதிக் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தவள் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஐயோ, இன்னைக்கு உனக்குப் பரீட்சையாச்சே! எழுந்துட்டியா?"

தூக்கக் கலக்கத்திலேயே அவள் கை கட்டிலுக்கு அடியில் வாளியைத் தேடிக்கொண்டிருந்தது.