ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி

மூன்றாவது முறையாக ஜெசிந்தா அந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

"பெத்தவதானா நீ?" அடுப்படியிலிருந்து ஓடிவந்த இருதயமேரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஜெசிந்தாவின் கணவன் சவரிநாதனுக்கு உடன்பிறந்த அக்கா அவள். "அப்பன்காரனே மனசு எறங்கி வந்துட்டான். உனுக்கு இன்னா இவ்ளோ வைராக்கியம்?"

ஜெசிந்தா அணைந்த திரியிலிருந்து எழுந்த புகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புதுச்சேரிக் கடையில் இருதயமேரி பார்த்துப் பார்த்து வாங்கி வந்த மெழுகுவர்த்தி அது. முழங்கை உயரம், நல்ல சிவப்பு. சுற்றிலும் வெள்ளை மெழுகில் பனி. பனிக்கு நடுவே கழுதை மேல் வயிற்றுப் பிள்ளையோடு மரியாள், கயிற்றைப் பிடித்தபடி அவள் கணவர் சூசையப்பர்.

பனி பெய்யும் தேசங்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் இதை ஜன்னலில் ஏற்றி வைப்பார்களாம். தங்க இடம் கிடைக்காமல் அலைகிற அந்த இரண்டு பேருக்கும், 'இந்த வீட்டில் இடம் இருக்கிறது' என்று சொல்கிற வெளிச்சமாம். கடைக்காரர் சொன்ன கதையைக் கேட்டதும் இருதயமேரிக்கு அஸ்வினியின் ஞாபகம்தான் வந்தது.

அஸ்வினி ஜெசிந்தாவின் ஒரே மகள். அதே கோயிலுக்குப் பூசைக்கு வந்தாலும் கடைசி வரிசையில் தனியாக உட்கார வைக்கப்படுகிற தெருவில் பிறந்தவன் சேரன். அவனைக் கட்டிக்கொண்டு அவள் விழுப்புரத்தில் வாடகை வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. இப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

மகள் பேரையே எடுக்காமல் இருந்த சவரிநாதன், போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அக்காவைக் கூப்பிட்டான். "கிறிஸ்மஸுக்கு வரச் சொல்லுக்கா. அவனையும் கூட்டிக்கினு வரச் சொல்லு. தனியா வர வேணாம்."

இருதயமேரி அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். உடனே அஸ்வினிக்குப் போன் போட்டாள். "பஸ்ஸுல வரும்போதே நம்ம வீட்டப் பாரு பாப்பா. ஜன்னல்ல மெழுகுவத்தி எரிஞ்சா அப்பா கூப்பிடுறாருன்னு அர்த்தம், எறங்கி வாங்க. இல்லன்னா மனசு மாறிட்டாருன்னு நேரா திண்டிவனம் போயி, அடுத்த பஸ்ஸப் புடிச்சி ஊருக்குத் திரும்பிடுங்க."

இன்று காலையிலிருந்து சவரிநாதன் ஒரு இடத்தில் உட்காரவில்லை. கோழி அடித்துக் கொடுத்தான். புது ஆளைப் பார்த்தால் குரைக்கும் என்று நாயைக் கொண்டுபோய்த் தம்பி வீட்டில் கட்டிவிட்டு வந்தான். பொழுது சாய்ந்ததும் ஸ்டார் லைட்டையும் வாசல் டியூப் லைட்டையும் அவனே அணைத்தான்.

"மத்ததெல்லாம் இருட்டா இருந்தாத்தான் இது ரோட்டுக்குத் தெரியும்" என்றான்.

ஜெசிந்தாதான் சரியில்லை. மதியம் பம்ப்செட்டுப் பக்கம் விறகு எடுக்கப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியதிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மகளோடு பேசிவிடுவாள் என்று எட்டு மாதம் முன்பு சவரிநாதன் பிடுங்கிய அவளுடைய போன் இன்னும் பீரோவுக்குள்தான் கிடந்தது.

"இன்னிக்கு அவ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது அண்ணி." வாசல் இருட்டில் நின்ற சவரிநாதன் பக்கம் ஒரு கண் வைத்தபடி ஜெசிந்தா முணுமுணுத்தாள்.

"வாய மூடு. வயித்துப் புள்ளக்காரிய அப்பிடியே திருப்பி அனுப்புவியா?"

இருதயமேரி நான்காவது முறை தீக்குச்சியைக் கிழித்தாள். திரி பற்றிக்கொண்டதும், ஜன்னலுக்கும் ஜெசிந்தாவுக்கும் நடுவில் காவல்காரி மாதிரி நின்றுகொண்டாள்.

வெளியே இருட்டிலிருந்து சவரிநாதனின் குரல் வந்தது. "இன்னாக்கா, வெளக்கு அணைஞ்சி அணைஞ்சி எரியுது?"

"காத்துடா தம்பி." தம்பி பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"ஒரு எல கூட ஆடலியே. பாத்துக்க, பஸ்ஸு வர்ற நேரம்."

ஜெசிந்தா சட்டென்று தரையில் மண்டியிட்டு இருதயமேரியின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். "உங்களக் கும்புடுறேன் அண்ணி. அஞ்சே நிமிஷம். பஸ்ஸு தாண்டுற வரிக்கும் அத அணைச்சி வெய்யுங்க."

"சீ, எழுந்துரு! உன்ன மாதிரி ஒரு கல்நெஞ்சுக்காரிய நான் பாத்ததே இல்ல."

அப்போது இருதயமேரியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்த! தெரியுது அத்த! ஜன்னல்ல எரியுது. அவருக்கும் காட்டினேன்." அஸ்வினி சிரித்துக்கொண்டே அழுதாள். பின்னால் கண்டக்டரின் விசில் கேட்டது. "ஸ்டாப்பிங் வந்துடுச்சி, எழுந்துட்டோம். அம்மா பக்கத்துல இருக்காங்களா? எம்மேல இன்னும் கோவமாத்தான் இருக்காங்களா?"

இருதயமேரியின் கண்கள் நிறைந்துவிட்டன. போனை ஜெசிந்தாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எட்டு மாசம் கழிச்சி உம் பொண்ணு பேசறா. ஒரு நல்ல வார்த்த சொல்லு."

ஜெசிந்தா போனைப் பிடுங்கினாள். வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மூச்சு இரைக்க, அடிக்குரலில் சொன்னாள்:

"எறங்காத பாப்பா... உங்கப்பா பம்ப்செட்டாண்ட ஆள் வெச்சிருக்காரு!"