நாய்க்கு ஒரு பிடிப் புல்

சீன வைத்தியம் பார்க்கும் சின்சே, நாயின் பின்தொடையின் உட்புறம் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாய்க்கு நாடி அங்கேதான் பார்க்கவேண்டுமாம்.

ஜெயபாலன் ரெக்ஸின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரவு முழுக்கக் கையுறைத் தொழிற்சாலையில் காவல் வேலை. விடிந்ததும் ஐயாத்துரை சாருக்குக் கார் ஓட்டும் வேலை. இன்றைக்கு சார் வரவில்லை. பின்சீட்டில் போர்வை விரித்து நாயை மட்டும் அனுப்பியிருந்தார்.

மிருக டாக்டர் வயிற்றைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய், இரண்டு மாதம் தாங்கினால் பெரிது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு சார் கண்டுபிடித்ததுதான் ஈப்போ பழைய டவுனில் இந்தச் சீன மருந்துக்கடை.

சின்சே மலாயில் கேட்டுக்கொண்டே போனாள். குளிர்ந்த தரையில் படுக்கிறதா, வெயிலைத் தேடுகிறதா? தூக்கத்தில் காலை உதைக்கிறதா? மனவருத்தம் ஏதாவது உண்டா? நாக்கை இழுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி அதன் நிறத்தைப் பார்த்தாள்.

அரைமணி நேரம்.

ஜெயபாலனுக்குக் காது சூடேறியது.

அவன் அம்மா கருப்பம்மாள் எந்த வைத்தியன் முன்னாலும் அரைமணி நேரம் உட்கார்ந்ததில்லை. இருபத்திரண்டு வருடம், முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு, ரப்பர் நிரைகளுக்கு நடுவே களைக்கொல்லி தெளித்தவள். நகம் கழன்று விழும். மூக்கில் ரத்தம் வரும். தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸ்சர் தலையைக்கூட நிமிர்த்தாமல், வெயில் சூடு, எலுமிச்சம்பழம் பிழிந்து குடி என்பான். பின்னால் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், ஸ்கேனுக்கு ஐந்து மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.

அந்தத் தோட்டத்துக்கு அப்போது மானேஜர், ஐயாத்துரை சார்தான்.

மூன்று மாதத்துக்கு முன்பு இந்த வேலை கேட்டுப் போனபோது, "கருப்பம்மாளின்ர மகனோ? நல்ல வேலைக்காரி" என்றார்.

எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

சின்சே ஒரு இழுப்பறையைத் திறந்து காய்ந்த புல் கட்டு ஒன்றை மேசைமேல் வைத்தாள். இதுதான் முக்கியம், பச்சையாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் எங்கே கிடைக்கப்போகிறது என்றாள்.

ஜெயபாலன் ஒரு தண்டை உருவிப் பார்த்தான்.

மெலிந்த தண்டு. பாம்பு நாக்குப் போல இரண்டிரண்டாய் இலை. கணுவில் காய்ந்துபோன பொடிப் பூ.

அம்மா மருந்தடித்துக் கருக்கிய புல். ஒரு கொத்து தப்பியிருந்தாலும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவளைக் கெட்ட வார்த்தையில் ஏசுவானே, அதே புல்.

வெளியே வந்து சாருக்குப் போன் போட்டு எந்தப் புல் என்று சொன்னான்.

"பச்சையா வேணுமாமோ? உங்கட தோட்டத்தில நிறைய நிண்டதுதானே! அம்மாட்டக் கேள். எது எங்க முளைக்குமெண்டு அவவுக்குத் தெரியும். ரெக்ஸும் போனா எனக்கு ஆர் இருக்கினம், சொல்லு."

"சரி சார். கேக்குறேன்."

காரைத் தோட்டத்துக்கு விட்டான். ரப்பர் போய், இப்போது முழுக்க எண்ணெய்க்கான செம்பனை. முதல் நிரையிலேயே புல் செழிப்பாய் நின்றது. குனிந்ததும் களைக்கொல்லி வாடை மூக்கில் ஏறியது. நேற்றுத்தான் அடித்திருக்கிறார்கள். புல் வாட இன்னும் இரண்டு நாளாகும். இன்றைக்கு யார் கண்ணுக்கும் இது நல்ல புல். சின்சேக்குத் தெரியாது. இத்தனை வருடம் இந்தத் தோட்டத்தை நடத்தியும் ஒரு நாள்கூட இங்கே குனியாத மனுசனுக்குத் தெரியவே தெரியாது.

ஜெயபாலன் ஒரு பிடி பிடுங்கினான்.

ஆர் இருக்கினமாம். பார்ப்போம், யார் இருக்கிறார்கள் என்று.

இன்னொரு பிடி பிடுங்கினான்.

ரெக்ஸ் காரிலிருந்து இறங்கி வந்தது. மூன்று எட்டு நடக்கும், நிற்கும். மறுபடி மூன்று எட்டு. இரண்டு நாளாகச் சோற்றைத் தொடாத நாய். அவன் முழங்காலில் சாய்ந்து நின்று, கழுத்தை நீட்டி, அவன் கையிலிருந்த புல்லுக்கு வாயைத் திறந்தது.

"தின்னாத சனியனே!"

புல்லைத் தூர எறிந்தான். நாயின் தாடையைப் பிளந்து உள்ளே விரலை விட்டுத் துழாவினான். ஒரே ஒரு இலை நாக்கில் ஒட்டியிருந்தது. அதைச் சட்டையால் துடைத்தெடுத்தான். காரிலிருந்த தண்ணீர் போத்தலைக் கொண்டுவந்து அதன் வாயைக் கழுவினான், பிறகு தன் கையை.

ரெக்ஸ் வாலை ஆட்டியது.

"ஒன்ன ஏசல லா," என்றான். "ஒன் மொதலாளிய ஏசுனேன்."

நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். கனத்தது. செம்பனை நிரைகளைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மேட்டில் ஏறினான். இந்தத் தோட்டத்தில் யாரும் டாங்கியோடு வராத இடம் இது ஒன்றுதான். புல் கணுக்கால் உயரத்துக்கு மண்டி, வெள்ளைப் பூ பூத்துக் கிடந்தது.

போன் அடித்தது.

"என்னடா, கேட்டியோ? அம்மா என்னவாம்?"

ஜெயபாலன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தான். சிமெண்டுப் பலகையை மூடியிருந்த புல்லை வேரோடு பிடுங்கினான். கருப்பம்மாள் என்ற பெயர் தெரிந்தது. அதற்குக் கீழே போன வருடத்துத் தேதி.

"ஒண்ணும் சொல்லல சார்."